கோவாவுக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்

ராஜபாளையத்தில் தவசிமுத்துவுக்கு முடிவெட்டிய சலூன்காரர் மறுநாள் கடை திறக்கமாட்டார். கத்தரி போகும் பக்கமெல்லாம் தலையும் போகும். தலை போன பக்கம் கத்தரி வந்தால் அது வேறு பக்கம் திரும்பியிருக்கும். ஒரு தடவை வெட்டி முடித்துத் தவசிமுத்து எழுந்ததும் நாற்காலி நான்கு துண்டாகக் கீழே விழுந்ததாம். உட்கார்ந்தபடியே கைவிட்டு அத்தனை மரையாணியையும் கழற்றியிருக்கிறார். சலூன்காரர் சத்தியம் செய்து சொன்னதை நம்பாமல் எப்படி இருப்பது?

இப்படிப்பட்ட ஆளை நூல் மில்லில் ஃபிட்டராக வைத்திருந்தார்கள். மிஷின் கெட்டால் அவருக்குச் சொர்க்கம். கெடாமல் ஓடினால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் நரகம். 1992-இல் ஒரு நாள், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மிஷினை இன்னும் ஒழுங்காக ஓடவைக்கப் போய், ஒரு ஷிப்ட் முழுக்க அது நின்றுபோனது. மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.

"தவசி, சம்பளமில்லாத லீவு எழுதிக் குடுத்துட்டு வீட்ல இரு. கையும் காலும் அடங்குனதும் வா. தைப் பொங்கலுக்குள்ள வரலேன்னா பேர அடிச்சிருவேன்."

தவசிமுத்து வீட்டில் இருந்தார். அடிபம்பு பிரிந்தது. தையல் மிஷின் பிரிந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி தானாக நடந்து வந்து இங்கே பிரிந்துகொண்டது போலிருந்தது. அவர் மனைவி பெத்தம்மாள் கூலிக்குப் பேண்டேஜ் துணி சுற்றிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்த வீட்ல இன்னும் கழட்டாதது நான் ஒருத்திதான். ஸ்ரீவில்லிபுத்தூர் போயி எங்க சீனியக்காவப் பாத்துட்டு வாங்க. பொறவு பேசிக்கிடலாம்."

சீனியம்மாள், பெத்தம்மாளுக்குப் பெரியம்மா மகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை. கடைக்குப் பின்னால் விறகு அடுப்புகள். ஒவ்வொன்றின் மேலும் அகன்ற சட்டி. ஒவ்வொரு சட்டிக்கும் நீளத் துடுப்போடு ஒரு ஆள். பால் சுண்டி இறுகும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அடிப்பிடிக்கும். பதம் தாண்டினால் கட்டியாகிவிடும். தவசிமுத்து பார்த்தார். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஒரு ஆளிடமிருந்து துடுப்பைப் பிடுங்கிக் கிண்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் சட்டியில் இருந்த பாலைவிடச் சுவரில் இருந்த பால் அதிகம்.

"ஏய்யா, பாலக் கிண்டச் சொன்னா சுவத்துக்கு வெள்ளையடிக்கியே!" என்றாள் சீனியம்மாள்.

"மதினி, இத மனுசன் கிண்டக் கூடாது. மோட்டார் கிண்டணும்."

"வடக்க அப்படி மிஷின் இருக்காம்ல. அதுக்குப் பதம் தெரியுமா? பக்கத்துல ஒரு ஆளு முழிச்சிக்கிட்டே நிக்கணும்."

அந்தச் சொல்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. மில்லில் இழை அறுந்தால் தானாக நின்றுவிடும் மிஷின்கள் உண்டு. பால் பதத்துக்கு வந்தால் தானாக நிற்கும் மிஷின் ஏன் கூடாது? பால் இறுக இறுகத் துடுப்புக்குப் பாரம் கூடும். பாரம் கூடினால் ஒரு ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கிய ஸ்பிரிங் சுவிட்சைத் தட்டி மோட்டாரை நிறுத்தி மணியை அடிக்கும். மணி அடித்ததும் விறகை இழுத்துவிட்டுச் சட்டியை இறக்க வேண்டியதுதான்.

பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய சாமான்களை வைத்து ஒரு மிஷின் செய்தார். கிண்டியது. ஆனால் துருப்பிடித்த அந்த இரும்பை யார் கடையில் வைப்பார்கள்? நல்ல எஃகில் செய்ய வேண்டும், பட்டறை வேண்டும், அதற்கு வழியில்லை. அந்த நேரத்தில்தான் பேப்பரில் ஒரு அறிவிப்பு வந்தது: புதிய தொழில்நுட்பம் உருவாக்கும் சிறு தொழில்களுக்கு மத்திய அரசின் ஆராய்ச்சி மானியம். தவசிமுத்து அதைப் படித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே மைல் கணக்கில் நடந்தார். மானியம் வந்தால் பட்டறை. வராவிட்டால் பொங்கலுக்குள் மில் கேட்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் தட்டச்சு மிஷின் வைத்திருந்த தனுஷ்கோடி, தவசிமுத்துவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பத்திரமும் வக்கீல் நோட்டீசும் அடித்து அடித்து அவன் ஆங்கிலத்துக்கு ஒரு கம்பீரம் வந்திருந்தது. அவன்தான் மனுவை அடித்தான். பால் என்பதற்கு ஆங்கிலம் தெரியும். கோவாவுக்குத் தெரியவில்லை. சுவரில் தொங்கிய இந்தியப் படத்தைப் பார்த்தான். மேற்குக் கடற்கரையோரம் பெரிய ஆங்கில எழுத்தில் கோவா என்று போட்டிருந்தது. எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதே என்று அதை அப்படியே பார்த்து அடித்தான்.

ஆக, கோவா மாநிலத்துப் பாலுக்காக ராஜபாளையத்துக்காரர் ஒரு மிஷின் செய்வதாக டெல்லியில் புரிந்துகொண்டார்கள். கேள்வி வந்தது. தனுஷ்கோடி தமிழில் சொல்லச் சொல்லத் தவசிமுத்து பதில் சொன்னார்.

"உங்க பட்டறையிலேருந்து கோவா எம்புட்டு தூரம்னு கேக்கான்."

"வீடு ராஜபாளையம். கோவா இங்க. பஸ்ஸுல அரை மணி நேரம்னு போடு."

"கோவாவுல வேலவாய்ப்பு எப்படின்னு கேக்கான்."

"விடியுமுன்ன வந்து ஆளுக கிண்டுதாங்கன்னு எழுது. ஏலே, டெல்லிக்காரனுக்கு நம்ம கோவா மேல எம்புட்டு அக்கறை பாத்தியா?"

"கோவா அரசாங்கத்தோட சம்மதம் வேணுமாம்."

தவசிமுத்து கொஞ்சம் யோசித்தார். "கோவாவுக்கெல்லாம் சீனி மதினிதான் அரசாங்கம். அவிய சம்மதிச்சாச்சுன்னு போடு."

இந்தப் பதிலைப் படித்த டெல்லி அதிகாரிகள் இந்தியப் படத்தை மேசையில் விரித்து, ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் அது கிழிந்தே போனதாகக் கேள்வி. மேற்குக் கடல் நகர்ந்து மதுரைப் பக்கம் வந்துவிட்டதா என்று பார்த்துவர மெட்ராஸ் அலுவலகத்துக்கு உத்தரவு போனது.

மார்கழியில் மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். தமிழர்தான். சீனியம்மாள் கடைக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினார், சட்டியைப் பார்த்தார், கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"கோவாங்கிற எழுத்தை நான் திருத்திக்கிறேன். ஆனா ஒண்ணு. கிண்டுற மிஷின் புதுசு இல்லை. தானா நிக்கும்னு எழுதியிருக்கீங்க, அதுதான் புதுசு. அது நிக்கிறதை என் கண்ணால பாக்கணும். பாத்தா சிபாரிசு. இல்லைன்னா இல்லை. சாயங்காலம் எனக்கு மதுரை பஸ்."

மிஷினோடு ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த பெத்தம்மாள் அதற்கும் தவசிமுத்துவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். காரணம், அந்த மிஷின் தானாக நின்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. வீட்டில் எத்தனை தடவை ஓட்டினாலும், பால் இறுகும் நேரத்தில் தவசிமுத்து குறுக்கே விழுந்து ஸ்பிரிங்கைத் திருகுவார், சுவிட்சை அமுக்குவார். மணி அடிக்க அவர் விட்டதே இல்லை.

பால் ஊற்றினார்கள். மிஷின் ஓடியது. தவசிமுத்து சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். துடுப்பு வலம் சுற்றியது, அவர் இடம் சுற்றினார். அதிகாரிக்குத் தலை கிறுகிறுத்தது. பால் கொஞ்சம் தடித்ததும் ஸ்பிரிங்கின் மேல் கை போனது.

"தொடாதீங்க!" என்றாள் பெத்தம்மாள்.

"ஒரே ஒரு சுத்து. லூசா இருக்கு."

"ஏய்யா, கைய வச்சே, துடுப்பாலயே போடுவேன்," என்றாள் சீனியம்மாள்.

கையை எடுத்தார். அடுத்த நிமிஷம் மறுபடி போனது. பெத்தம்மாள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தாள். தெருமுனையில் ஒரு பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது.

"வ. புதுப்பட்டிக்குப் போயி எங்க சித்தப்பாட்ட புளி வாங்கிட்டு வாங்க."

"இப்பவா? புளியா? ஏட்டி, உனக்குப் பைத்தியமா?"

"நீங்க இங்க நின்னா அது நிக்காது. அது நிக்கலேன்னா பொங்கலுக்கு நீங்க மில் கேட்டுல நிப்பீங்க. எது வேணும்?"

பதில் வருவதற்குள் அவரை ஏற்றிவிட்டாள். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

பஸ்ஸில் இருந்தவர்கள் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்னால் தவசிமுத்துவின் கால் பிரேக் போட்டது. இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தார், வலப்பக்கம் போனார், நின்றார். கிருஷ்ணன்கோவிலில் இறங்கியபோது அவர் கையில் ஒரு ஜன்னல் கம்பி இருந்தது. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. எதிரே வந்த வைக்கோல் லாரியில் தொற்றிக்கொண்டு திரும்பினார்.

இங்கே கடைக்குப் பின்னால் எல்லார் கண்ணும் சட்டி மேல்தான். பால் சுண்டியது. சீனியம்மாளுக்கே கை துறுதுறுவென்று வந்தது. முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். துடுப்பு மெதுவானது. இன்னும் மெதுவானது. மோட்டார் முனகியது. ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி ஓர் இடத்தில் தயங்கியது. 'டக்' என்று சுவிட்ச் விழுந்தது. துடுப்பு நின்றது. மணி அடித்தது.

சீனியம்மாள் விறகை இழுத்துப் போட்டுவிட்டு ஒரு துளி எடுத்து விரலிடுக்கில் உருட்டினாள். வாயில் போட்டாள்.

"பதம்தான்."

அதிகாரியும் தின்று பார்த்தார். ஆராய்ச்சி என்பதால் மூன்று தடவை தின்று பார்த்தார்.

அப்போதுதான் தலையெல்லாம் வைக்கோலோடு, கையில் ஜன்னல் கம்பியோடு தவசிமுத்து ஓடிவந்தார். அசையாமல் நின்ற துடுப்பைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"எவம்ல நிறுத்துனான்? அம்புட்டுத்தானா? எரிஞ்சு போச்சா?" என்று மோட்டார் மூடியைக் கழற்றத் தொடங்கினார்.

"யாரும் நிறுத்தலைங்க," என்றார் அதிகாரி. "தானா நின்னுச்சு. நான் எழுதியாச்சு."

தவசிமுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "தானாவா? மணி அடிச்சுதா? நான் பாக்கலையே! மதினி, இன்னொரு சட்டிக்குப் பால் இருக்கா?"

"பால் இருக்கு. நீ செத்த நேரம் சும்மா இருக்கணுமே, அதுக்கு எங்க போக?"

இன்னொரு சட்டி ஏற்றினார்கள். பாதியில் அவர் கை ஸ்பிரிங்கைத் திருகிவிட்டது. பால் அடிப்பிடித்தது. நல்லவேளை, அதிகாரி மதுரை பஸ்ஸில் ஏறியிருந்தார்.

பொங்கலுக்கு முன்னால் மானியத்துக்கு ஒப்புதல் வந்தது. பட்டறை வந்தது, எஃகு மிஷின் வந்தது, சாத்தூர், கோவில்பட்டி மிட்டாய்க் கடைக்காரர்கள்கூடத் தேடி வந்தார்கள். தொண்ணூறுகள் முடியும்வரை அவர் மிஷின்களைச் செய்துகொண்டே இருந்தார். ஒரு கடையில் புது மிஷினை இறக்கினால், முதல் சட்டி பதம் வரும் நேரத்தில் பெத்தம்மாள் அவரை ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். அவர் செய்த மிஷின் தானாக நிற்பதைப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

மானியம் வந்த அந்தத் தைப் பொங்கல் கழிந்த மறுநாள் மேனேஜர் சொன்னபடியே பேரை அடித்துவிட்டு, சேதி சொல்ல வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அந்த ஆள் வாசலில் நின்று, "தவசியண்ணாச்சி எங்க?" என்று கேட்டான். உள்ளே மிஷின் கிண்டிக்கொண்டிருந்த பால் பதம் வரும் நேரம். பெத்தம்மாள் துணி சுற்றுவதை நிறுத்தாமல் சொன்னாள்:

"இந்நேரம் சங்கரன்கோவில் தாண்டியிருப்பாக. டிரைவரு இவுக கைல கால்ல விழுந்து எறக்கிவிடாம இருந்தா."