காந்தாவின் தூக்கு

பிள்ளையார்பாளையத்துல பள்ளிக்கூடம் போற பசங்க தூக்கைத் திறந்தா பழைய சோறும் ஊறுகாயுந்தான் இருக்கும். ஜெயம்மாள் கட்டுற தூக்கு அப்படி இல்ல. தறிக்காரன் பொண்டாட்டிக்கு ஏது நேரம்ங்கிறீங்களா? புருஷன் தணிகாசலம் தறிக்குழியில இறங்கறதுக்குள்ள கேழ்வரகு மாவுல முருங்கைக்கீரையைப் போட்டுப் பிசைஞ்சி, புள்ள கையில அடங்கற மாதிரி சின்னச் சின்னதா அடை தட்டிடுவா. கூட வேர்க்கடலை உருண்டை. கீரைன்னா மூஞ்சைத் திருப்பற பசங்ககூட அந்த அடைக்குப் பறக்கும்.

அப்படித் தட்ட ஆரம்பிச்சதே மூத்தவ கலாவதிக்காகத்தான். பெரிய அடைன்னா பிச்சி எறிவா. சின்னதுன்னா, "இன்னொண்ணு குடும்மா"ன்னு கேட்டு வாங்குவா. விஷக்காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டா பாவி மவ. அப்புறம் சின்னவ காந்தா பள்ளிக்கூடம் போறப்போ அவளுக்கும் அதே அடைதான். வேற எதுக்கும் ஜெயம்மாளுக்குக் கை ஓடல. தூக்கை நீட்டறப்போ, "கலா, மிச்சம் வெக்காதடி"ன்னு வாய் தானா சொல்லிடும். காந்தா வாங்கிக்கினு போயிடுவா.

தூக்கு தினம் காலியாத்தான் திரும்பி வந்தது. ஆனா காந்தா இடுப்புல பாவாடை நிக்கல.

"ஓடியாடற புள்ள, அப்படித்தான் இருக்கும்"னாரு தணிகாசலம்.

பெத்த வயிறு கேக்குமா? மூத்தவளும் இப்படித்தானே இளைக்க ஆரம்பிச்சா! ஒண்ணை வாரிக் குடுத்தாச்சி, இதையும் குடுக்கணுமோன்னு பயந்துபோய், ஒரு நாள் மத்தியான மணி அடிக்கறப்போ பள்ளிக்கூடத்துக்கே போயிட்டா.

பசங்கல்லாம் வேப்பமரத்தடியில உக்காந்து சாப்டுக்கினு இருந்தாங்க. காந்தாவைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தா, மதில் மேல அடையை ஒவ்வொண்ணா வெச்சிக்கினு, "வா அக்கா... வந்து சாப்டு"ன்னு கூப்ட்டுக்கினு நிக்கிறா. ஒரு காக்கா வந்து கொத்திக்கினு இருக்குது.

"அடிப்பாவி! இன்னாடி பண்ற?"

காந்தா திடுக்குன்னு திரும்பினா. "தெவசத்தன்னிக்கு நீதானேம்மா கூரை மேல இந்த அடையை வெச்சே? அக்கா வந்து சாப்டுதுன்னியே! தினம் அக்கா பேரைச் சொல்லித்தானே குடுக்கற? அதை நான் எப்டிம்மா துன்றது?"

ஜெயம்மாள் அங்கியே உக்காந்து புள்ளையை இழுத்து மடியில போட்டுக்கினா. எலும்பு தொடையில குத்துச்சி. "செத்தவளுக்குப் படையல் கட்டிக்கினு, உசுரோட இருக்கறவளைப் பட்டினி போட்டேனே"ன்னு தலையில அடிச்சிக்கினா.

அழுது ஓஞ்சப்புறம், "உனுக்கு இன்னாடி கண்ணு புடிக்கும்? சொல்லு"ன்னா. கேக்கறப்போதான் அது தனக்குத் தெரியலியேன்னு அவளுக்கு உறைச்சுது.

காந்தா மதில் மேல இருந்த காக்காவை ஒரு தரம் பார்த்தா. அப்புறம் அம்மா காதுகிட்ட வந்து, வாயைக் கையால மறைச்சிக்கினு, "எலுமிச்சங்கா சோறு"ன்னா.

ஜெயம்மாளும் மதிலைப் பார்த்தா. "நாளைக்கு செஞ்சி தரேன்"னு அவளும் குசுகுசுன்னுதான் சொன்னா.