மாவாகிப்போன பாறை

மைசூரின் ஓரத்தில் அப்பா வீடு கட்டியபோது எனக்கு ஏழு வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் வந்திருக்கவில்லை. கிணறு வெட்ட மார்டள்ளி கிராமத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். செம்மண் தீர்ந்ததும் பாறை தெரிந்தது. வெடி வைக்கவேண்டுமே என்று அப்பாவின் முகம் சுருங்கியது. ஆனால் ஓங்கிப் போட்ட கடப்பாரை சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கிவிட்டது.

மேலே வந்த கட்டிகளில் கருங்கல்லின் புள்ளிகளும் வரிகளும் அப்படியே இருந்தன. கையில் அழுத்தினால் வெள்ளையாக உதிர்ந்தன. பாறை தூக்கத்திலேயே மாவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தையும் மாமாவும் எங்களோடுதான் இருந்தார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடம். விசேஷம் உண்டா என்று கேட்பதை ஊரே விட்டிருந்தது. மாமாவுக்கு நஞ்சன்கூட்டில் பீங்கான் தொழிற்சாலையில் வேலை. மண்ணைப் பார்த்ததும் கயோலின் என்றார். மழைத்தண்ணீர் காற்றிலும் மக்கிய இலைகளிலும் இருக்கிற புளிப்பை வாங்கிக்கொண்டு பாறையின் இடுக்குகளில் இறங்குமாம். கல்லிலுள்ள பெல்ஸ்பார் மணிகளை அரித்து, அவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு போய்விடுமாம். மிஞ்சுவது இந்த வெள்ளைக் களிமண். குவார்ட்ஸ் மட்டும் கரையாமல் மணலாகக் கிடக்கும். எவ்வளவு காலம் ஆகும் என்று அப்பா கேட்டார்.

"லட்சக்கணக்கான வருஷம் மச்சான். அது பாட்டுக்கு நடக்கும்."

அன்று சாயங்காலம் மழை தூறியது. கிணற்றோரம் வெட்டிப்போட்ட மண்குவியலின் வாசனை வீடெல்லாம் பரவியது. அத்தை என்னை அனுப்பி ஒரு கட்டி எடுத்துவரச் சொன்னாள். வாயில் போட்டுக் கண்ணை மூடி வெகுநேரம் மென்றாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். தினமும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு நாள் அம்மா அவள் உதட்டோரத்து வெள்ளையைப் பார்த்துவிட்டாள்.

"எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கு?"

"நாப்பது" என்று அத்தை முனகினாள்.

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான்தான் மண் கொடுத்தேன் என்று கத்தினேன், யாரும் கேட்கவில்லை. ரயிலில் வந்து இறங்கிய மாமாவும் விஷயத்தைக் கேட்டுச் சுவரில் சாய்ந்துவிட்டார். மண் தின்று அத்தை சாகப்போகிறாள் என்று முடிவு செய்தேன். ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, குவியலைக் கூடை கூடையாகக் கிணற்றுக்குள்ளேயே தள்ளினேன். அப்பா வந்து பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் கூடையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். ஒரு சாவு வீட்டில் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்கு அவர்மேல் தாங்கமுடியாத கோபம் வந்தது.