ஏரிக்கரைத் திருப்பத்துப் பள்ளம்

திருத்தணியில் துளசிங்கம் ஆட்டோ ஓட்டும் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குள் போகும் ஏரிக்கரைச் சாலையை வேறு யாரும் கவனிப்பதில்லை. அதனால் ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் ஓட்டுநர்களே பணம் போட்டு, ஜல்லி கொட்டிப் பள்ளங்களை அடைப்பார்கள். போடுகிற பெட்ரோலுக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று பங்கு. அதிகம் ஓடுகிறவன் அதிகம் கொடுப்பான். இருபது வருஷமாக யாரும் முணுமுணுத்ததில்லை.

போன வருஷம் துளசிங்கம் பேட்டரி ஆட்டோ வாங்கினான். பங்கு கேட்டபோது கையை விரித்தான்.

"வண்டி மாறினா ரோடு மாறிடுமாண்ணா? ஓடுற கிலோமீட்டருக்குப் பாத்துக் குடுங்க" என்றான் ஸ்டாண்டுத் தலைவன் அரசு.

"லிட்டருக்குத்தானே பங்கு? நான் பங்க் பக்கமே போறதில்லியே. பெட்ரோல் ஊத்துறவன் குடுக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான் வேறு. பேட்டரி வண்டி வைத்திருந்த மற்ற ஆறு பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சேர்ந்த பணத்துக்குப் பாதிச் சாலைக்குத்தான் ஜல்லி வந்தது. ஏரிக்கரைத் திருப்பத்துப் பள்ளம் அப்படியே கிடந்தது.

ஐப்பசி மழையில் அந்தப் பள்ளம் நிரம்பித் தரையோடு தரையாகத் தெரிந்தது. பூக்காரி ஜெயம்மாளை மலையடிவாரத்துக்கு ஏற்றிவந்த துளசிங்கம் முன்சக்கரத்தை அதில் இறக்கிவிட்டான். வண்டி சாய்ந்தது. அவனுக்கு வெறும் சிராய்ப்பு. அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கட்டைவிரல் மடங்கவில்லை. முழம் முழமாகச் சரம் தொடுத்தவள், இப்போது உதிரிப் பூ விற்கிறாள்.

மறுவாரமே துளசிங்கம் கிலோமீட்டர் பார்த்து அரசுவிடம் பணம் கொடுத்தான், பள்ளத்தை மூடினார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஜெயம்மாள் அதன் பிறகும் அவன் வண்டியில்தான் போய்வந்தாள். அவன் வேண்டாமென்றாலும் கேட்காமல் காசை நீட்டுவாள். "எடது கையால குடுக்குறன், தப்பா நெனச்சிக்காத நைனா" என்பாள்.

ஆறு மாதம் மனசு அரித்த பிறகு, ஒருநாள் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, தான் பங்கு கொடுக்காத கதை எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

ஜெயம்மாள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"தெரியும் நைனா. ஆஸ்பத்திரிலயே அரசு சொல்லிட்டான். நீயா எப்போ சொல்லுவேன்னுதான் தெனம் உன் வண்டியிலயே வந்துகினு இருந்தேன்."

மறுநாளிலிருந்து அவள் வேறு ஆட்டோவில் போனாள்.