தராசில் நான் ஏறிய நாள்

என் மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். முருகன் அடியார்களாகிய உங்களிடம் நான் சொல்ல வந்தது அங்கேதான் தொடங்குகிறது. சுவிஸ் நாட்டின் லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் நான் சமையல்காரன். ஊர் உலகத்துக்கெல்லாம் வயிறு நிறையச் சமைத்துப் போடுகிறவனின் வீட்டில், பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு கரண்டி சோற்றுக்கு முகத்தைத் திருப்பினால் எப்படியிருக்கும்?

சென்ற ஆண்டு மாசியில் மகள் ஆரணியை ஆசுபத்திரியில் சேர்த்தோம். இது பிடிவாதம் இல்லை, நோய் என்று டொக்டர் விளக்கினார். மாறும், ஆனால் காலம் எடுக்கும் என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் வைத்தியம் தொடர்ந்தது. நான் கெஞ்சினேன், அதட்டினேன், பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பிள்ளையை இழந்துவிடுவோமோ என்ற பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் நேர்த்தி வைத்தேன். முருகா, இவள் தேறினால் துலாபாரம் கொடுக்கிறேன், இவளுடைய எடைக்கு அரிசி, அதன் பெறுமதி உகண்டாவில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு என்று வேண்டினேன். உகண்டா எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். என்னோடு வேலை செய்யும் சூசான் என்ற சுவிஸ் பெண், அங்கே அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வீடு கட்டிப் பராமரிக்கும் ஒரு தொண்டு அமைப்பில் இருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் சில பிள்ளைகள், தாயாக இருந்து வளர்க்க ஒரு பெண். அவர்களுடைய படங்களை ஹோட்டலில் நாங்கள் சமைக்கும் குசினிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

பெரிய காரியம் செய்துவிட்ட சந்தோசத்தில் வந்து மகளிடம் சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"எல்லாருக்கும் முன்னால என்னை நிறுக்கப் போறீங்களோ அப்பா?"

அறைக்கதவைச் சாத்தியவள் அன்று தண்ணீர்கூடத் தொடவில்லை. எடை என்ற சொல்லே அவளுக்கு நெருப்பு. அது தெரிந்திருந்தும், சாமிக்கு முன்னால் அவளைத் தராசில் ஏற்றுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். என்னைப்போல் ஒரு மடையன் உண்டா?

மனம் தாங்காமல் சூசானிடம் சொன்னேன். மதிய ஓய்வில் அவர் உகண்டாவில் ஒரு வீட்டுத் தாயுடன் தொலைபேசியில் பேசினார். அங்கேயும் புதிதாக வந்த ஒரு சிறுமி, பெற்றோரை இழந்த துக்கத்தில், சாப்பிட மறுக்கிறாளாம். அந்தத் தாய் கெஞ்சுவதில்லையாம். தட்டை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்து தானும் சாப்பிடுவாராம். அவள் வாயைப் பார்க்காமல் வேறு கதை பேசுவாராம். இரவுப் பிரார்த்தனையில் உங்கள் மகளின் பெயரையும் பிள்ளைகள் சொல்வார்கள் என்றாராம். அவர்கள் கும்பிடும் தெய்வம் வேறு, நான் கும்பிடுவது வேறு. கேட்டது ஒன்றுதான்.

பக்கத்தில் இருந்து சாப்பிடுவது. ஹோட்டல்காரனுக்கு இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் வேலை. ஓய்வு நாளிலும் நின்று பரிமாறிக்கொண்டு அவள் வாயையே பார்த்திருப்பேன். ஆசுபத்திரியிலும் இதைத்தான் சொல்லியிருந்தார்கள், என் காதில்தான் ஏறவில்லை. முதலாளியிடம் கேட்டுக் காலை வேலைக்கு மாறினேன். உல்லாசப் பயணிகள் குவியும் காலத்தில் லுசேர்ணில் அது லேசில் கிடைக்காது. கிடைத்தது முருகன் செயல்.

மனைவி மலர், ஆரணி, நான், மூவரும் தினமும் இரவுச் சாப்பாட்டுக்குச் சேர்ந்து இருந்தோம். குசினியில் தீய்ந்த குழம்பு, பெரிய சமையல்காரரின் கோபம் என்று வாய்க்கு வந்ததைக் கதைத்தேன். அவள் சோற்றைக் கிளறிக்கொண்டிருப்பாள். முருகா, அவளைச் சாப்பிடச் சொல்லாமல் இருக்க எனக்குப் பொறுமை தா என்று மட்டும் தினமும் வேண்டினேன். கோடை முடிந்தது. ஒரு மாலை, கதையின் நடுவில் அவள் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"புட்டு இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

போட்டேன். கதையை நிறுத்தவில்லை. மலர் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

அதன் பிறகும் ஏற்ற இறக்கம் இருந்தது. ஆனால் இந்தத் தைப்பூசத்துக்கு முன் டொக்டரே முகம் மலர்ந்து, பிள்ளை தேறிவிட்டாள் என்று சொன்னார். எனக்கோ நேர்த்தி நெஞ்சை அரித்தது. செய்யாவிட்டால் சாமி குற்றம், செய்தால் பிள்ளை மறுபடி உடைந்துவிடுவாள். அவளே ஒரு நாள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"நேர்த்தி வைச்சது நீங்கள்தானே அப்பா. நீங்களே ஏறுங்கோ. அந்தப் பிள்ளையளுக்கு அரிசிக் காசும் கூடுதலாக் கிடைக்கும்."

என் தொப்பையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். ஐயரும் சிரித்தபடி சம்மதித்தார்.

வேட்டியோடு தராசில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்தேன். மறு தட்டில் அரிசிப் பைகளை ஆரணி வைத்தாள். வைக்க வைக்க நான் அசையவில்லை. சனம் சிரித்தது. இன்னும் காணாது, இன்னும் வேணும் என்று சொல்லி அவளும் சிரித்தாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். என் தட்டு நிலத்தை விட்டு எழும்பியபோது, அத்தனை சனத்துக்கும் முன்னால் அழுதுவிட்டேன்.

அரிசி அன்னதானத்துக்கும், அதன் பெறுமதி உகண்டாவுக்கும் போனது. அங்கே அந்தச் சிறுமியும் இப்போது சாப்பிடுகிறாளாம். அவளுக்கும் சேர்த்துத்தான் எங்கள் வீட்டில் விளக்கு வைக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் வைத்தியம் பாருங்கள், முருகனிடமும் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருங்கள். நேர்த்தி வைப்பதென்றால் பிள்ளையை வைக்காதீர்கள், உங்களை வையுங்கள்.