உறைப்பில்லாத மூட்டை

தோணியில் மாலத்தீவுக்குப் போகிறேன் என்று என் கணவர் வந்து சொன்ன அன்று, கையிலிருந்த அகப்பையை அடுப்படித் தரையில் எறிந்தேன். அவர் அதை எடுத்துக் கழுவி என் கையில் கொடுத்துவிட்டு, "பதினஞ்சு இருவது நாளுதான், வந்துருவேன்" என்றார். முடிவு பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்திருந்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அவர் ராஜபாளையத்தில் டீசல் மெக்கானிக். தேவதானம், செட்டியார்பட்டிப் பக்கம் தோட்டங்களில் இருந்த பம்புசெட் எல்லாம் அவர் கைபட்டவை. பாய்மரத் தோணிகளுக்கு எஞ்சின் பூட்ட ஆரம்பித்திருந்த காலம். தூத்துக்குடித் தோணி முதலாளி ஒருவருக்கு இவர் ஒரு பழைய எஞ்சினைப் பிரித்துச் சரிபண்ணிப் பூட்டிக் கொடுத்தார். முதல் பயணத்துக்கு மெக்கானிக்கும் கூட வரவேண்டும் என்று அந்த முதலாளி கேட்டிருக்கிறார். கண்மாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காத மனுஷன், கடல் என்றதும் சரியென்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

என் கோபத்துக்குக் காரணம் கடல் இல்லை, அவர் வயிறு. அதற்கு முந்தின வருஷம் ஒர்க் ஷாப்பிலேயே ரத்தமாக வாந்தி எடுத்தார். மதுரைக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தோம். வயிற்றில் புண். "ரெண்டு மணி நேரத்துக்கு மேல வயித்தைக் காயப் போடக்கூடாது. மிளகாய், புளி ரெண்டும் ஆகாது. மறுபடி ரத்தம் வந்தா உடனே தூக்கிட்டு வந்துருங்க" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நடுக்கடலில் யார் தூக்குவது, எங்கே தூக்குவது?

தோணியில் என்ன சாப்பாடு என்று கேட்டேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அடுப்பு பற்றவைப்பார்களாம். மணல் பரப்பிய மரப்பெட்டிக்குள் விறகு அடுப்பு. சமையல்காரருக்குப் பண்டாரி என்று பேர். சோறும், மிளகாய் அரைத்துவிட்ட மீன் குழம்பும். விறகும் நல்ல தண்ணீரும் அளந்துதான் செலவாகும் என்பதால் ஒரு ஆளுக்காக நடுவில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். ஐஸ் பெட்டி, ஃபிரிட்ஜ் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆக, போகிற ஏழெட்டு நாளுக்கும் இவர் வயிற்றுக்கு வேண்டியதை நான்தான் கட்டிக் கொடுக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் திரும்பி வருகிற நாட்களுக்கும் சேர்த்துக் கடையில் ரஸ்க்கும் பால் பவுடரும் வாங்கிக்கொள்ளலாம்.

உட்கார்ந்து யோசித்தபோதுதான் சிக்கல் புரிந்தது. நம் சமையலில் பத்து நாள் கெடாமல் இருப்பது எது? ஊறுகாய், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, மிளகாய் வற்றல். அவற்றைக் கெடாமல் காப்பதே உறைப்பும் புளிப்பும் உப்பும்தான். இவர் வயிற்றுக்கு ஆகாததும் அதேதான். இவருக்கு ஆகிற இட்லி, இடியாப்பம், மோர்ச்சோறு எல்லாம் மறுநாளே ஊசிப்போகும். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அரிசியை வறுத்தேன்.

பத்து நாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. வறுத்த அரிசியும் பொரிகடலையும் பாசிப்பருப்பும் சேர்த்து மாவு திரித்தேன். தண்ணீரில் கரைத்தால் போதும், அடுப்பு வேண்டாம். அவல், பொரி, ரஸ்க். ரெண்டு சீப்பு பழமும், அரைக்காயாக ரெண்டு சீப்பும், பச்சைக் காயாக மூன்று சீப்பும், ஒன்று முடிய ஒன்று பழுக்கும் என்று கணக்குப் போட்டு வாழைக்காய் வாங்கினேன். உரிக்காத தேங்காய் இருபது. தேங்காய்ப்பால் புண்ணுக்கு நல்லது, உடைக்கிறவரை கெடாது. எல்லாவற்றையும் ஒவ்வொரு வேளைக்கு ஒவ்வொரு பொட்டலமாக, பேண்டேஜ் துணியில் கட்டினேன்.

எங்கள் ஊரில் பேண்டேஜ் துணி இல்லாத அடுப்படி கிடையாது. நானே பேண்டேஜ் சுருட்டும் பட்டறையில்தான் வேலை பார்த்தேன். வெட்டில் விழுகிற துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவோம். பால் வடிகட்ட, மாவு சலிக்க, வடகம் மூட எல்லாம் அதுதான். மெல்லிசு துணி, காற்றுப் போகும். டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கெடும், துணியில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டால் மாசக்கணக்கில் இருக்கும் என்பது எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடம். அறுபது பொட்டலத்தையும் கயிற்றில் கோத்து, ஒரு சாக்கில் வைத்து, "தோணியில உள்ள கம்புல தொங்கவிடுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

கிளம்புகிற அன்று காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் நாத்தனார் வந்தார். இவருக்கு ஒரே அக்கா. வழிக்குச் சோறு கட்டினால் அதன் மேல் ஒரு கரித்துண்டு வைப்பது வழக்கம், கண் படாமல் இருக்க. எங்கள் வீட்டில் அதை அந்த வீட்டில் பிறந்த பெண்தான் வைக்க வேண்டும். கரித்துண்டோடு ஒரு பீங்கான் ஜாடியும் கொண்டுவந்திருந்தார். ஆவக்காய் ஊறுகாய். கல்யாணத்துக்கு முன் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பெண்களிடம் கற்றுக்கொண்டது, அவர் கைப்பக்குவம் ஊரறிந்தது. நல்லெண்ணெய் ஒரு விரற்கடை மேலே நின்றது. மூடியைச் சுற்றி மெழுகு.

"மதினி, அவிய வயித்துக்கு இது விசம்" என்றேன்.

"நாக்கு செத்துப் போகும்ட்டி அவனுக்கு. தொட்டு நக்கிக்கிடட்டும். எம்புட்டுத் தின்னுறப் போறான்?"

"உங்க தம்பி தொட்டு நக்குற ஆளா?" டீக்கடையில் ஒளிந்து நின்று மிளகாய் பஜ்ஜி தின்றதை நானே ரெண்டு தடவை கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். ஜாடியை வாங்கிப் பரண்மேல் வைத்தேன். நாத்தனார் முகம் சுண்டிப்போனது. பிறகு சாக்கின் வாயைத் திறந்து கரித்துண்டை வைத்து, தன் கையாலேயே கட்டினார். நான் அப்போது இவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

பஸ் ஏறும்போது இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மிளகாயைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றேன். "தொட மாட்டேன்" என்றார். நான் நம்பவில்லை.

ஆறாம் நாள் பட்டறையில் துணி சுருட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் நான் கட்டிக் கொடுத்ததைப் பெருமையாகச் சொன்னேன். அவள் கடற்கரையிலிருந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். கை வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"துணியிலயா கட்டுனீங்க?"

"ஆமா. ஏன்?"

"கடல் காத்துல ரெண்டே நாள்ல நசநசன்னு ஆயிருமேக்கா. உப்புத் தண்ணி காத்துலயே இருக்கும். எங்கூருல தகர டின்னுல அடைச்சு, வாயில மெழுகு ஊத்திக் குடுப்பாவ. நீங்க காயத்துக்குப் போடுற துணியில கட்டியிருக்கீங்க. அது உறிஞ்சுறதுக்குன்னே செஞ்ச துணில்லா."

என் கையிலிருந்த சுருள் உருண்டு போனது. தண்ணீர் உறிஞ்ச வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் துணியை வேக வைத்து வெளுக்கிறார்கள். அதைத் தினமும் தொட்டு வேலை செய்கிற எனக்கு அது தோன்றவே இல்லை. காய்ந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு வெயில் கெடுப்பது தெரியும், ஈரக்காற்று கெடுப்பது தெரியாது. அறுபது பொட்டலமும் பூசணம் பூத்துத் தொங்குவது கண்முன்னே வந்தது. பொட்டலம் போனால் அவருக்கு ரெண்டு வேளை மிளகாய்க் குழம்புதான், இல்லையென்றால் பட்டினி. ரெண்டில் எதுவானாலும் ரத்தம்.

வீட்டுக்கு ஓடிவந்தேன். என்ன செய்யலாம் என்று ஓடினேனோ தெரியாது. பலசரக்குக் கடை போனிலிருந்து தூத்துக்குடி முதலாளியைக் கூப்பிட்டேன். "காத்து எதிர்க்காத்தா இருக்காம்மா. ரெண்டு மூணு நாள் முன்னப் பின்ன ஆகும். தந்தி வரும்" என்றார். திரும்பி வந்து, உட்கார முடியாமல் வீட்டைக் கூட்டினேன், பாத்திரத்தை இறக்கினேன், பரணைத் துடைத்தேன். அங்கே ஜாடி இல்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கரித்துண்டு வைக்கிற சாக்கில் நாத்தனார் அதையும் உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறார்.

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். அவர் வீட்டு வாசலில் நின்றே சத்தம் போட்டேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "நான் கட்டிக் குடுத்தது எல்லாம் கெட்டுப் போயிருக்கும். இப்ப அவிய கையில இருக்குறது உங்க ஊறுகா மட்டுந்தான். பசியில அதைத்தான் தின்னுவாவ. உங்க தம்பிய நீங்களே கொன்னுட்டீங்க மதினி" என்றேன். நாத்தனார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கெடுத்தது என் துணிதான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தமாகப் பேசினேன்.

பதினோராம் நாள் தந்தி வந்தது. சேர்ந்தாச்சு என்று ஒரு வரி. உடம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தப் பக்கம் போன ஒருவரிடம் நாத்தனாருக்குச் சொல்லி அனுப்பினேன். நேரில் போக மனசு வரவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் இவர் வந்து இறங்கினார். கறுத்து, கன்னம் ஒட்டி இருந்தார். ஆனால் நேராக நடந்து வந்தார். பையிலிருந்து முதலில் வெளியே எடுத்தது அந்த ஜாடியைத்தான். காலி. துடைத்து வைத்தாற்போல் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை உடைத்திருப்பேன்.

"நான் தொடல. உக்காரு, சொல்லுதேன்" என்றார்.

மூன்றாம் நாளே மாவு கட்டி கட்டியாகப் பூத்துவிட்டதாம். கணக்குப் போட்டு வாங்கிய வாழைக்காய் முழுதும் அடித்தட்டுப் புழுக்கத்தில் ஒரே நாளில் பழுத்துக் கறுத்துவிட்டது. மிஞ்சியது தேங்காய் மட்டும். அன்று மத்தியானம் அலை அடித்துப் பண்டாரியின் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்ததில், மிளகாய்த்தூளும் புளியும் கரைந்து ஒன்றுமில்லாமல் போனது. அந்தக் காற்றில் மீனும் மாட்டவில்லை. பதினோரு ஆட்கள் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர், சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். இவர் எதற்கோ சாக்கைத் துழாவியபோது ஜாடி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. மெழுகு போட்டிருந்ததால் ஒரு சொட்டு ஈரம் இறங்கவில்லை.

"கொண்டுபோயி நடுவுல வச்சேன். அவங்க தின்னதப் பாத்திருக்கணும் நீ. ஆளுக்கு ஒரு துண்டு, விரலைக்கூட விடல. அன்னைக்குப் பொறவு பண்டாரி எனக்குன்னு கங்கு அணையாமப் பாத்துக்கிட்டாரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க, கொழஞ்ச சோத்துல தேங்காப்பாலு ஊத்திக் கொண்டாந்து குடுத்தாரு. நான் தூங்குனாலும் எழுப்பி விட்டுருவாரு."

பத்து நாளாக அறுபது பொட்டலம் கட்டினேன். அந்தத் தோணியில் இன்னும் பதினோரு வாய் இருக்கிறது என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. நாத்தனாரும் அவர்களை நினைத்து வைக்கவில்லை, தம்பியை நினைத்துத்தான் வைத்தார். ஆனாலும் இவரைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த ஜாடிதான்.

அவரைப் படுக்க வைத்துவிட்டு ஜாடியோடு பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது நாத்தனார் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மற்ற தட்டுகளில் காரக்குழம்பு. அவர் தட்டில் மட்டும் வெறும் சோறும் வேக வைத்த பீர்க்கங்காயும். தாளிப்புக்கூட இல்லை.

"நீ வந்து சத்தம் போட்டுப் போன நாள்லேருந்து இப்பிடித்தான் தாயி" என்றார் அவர் கணவர். "தம்பி வீடு வந்து சேருற வரைக்கும் உறைப்புத் தொட மாட்டாளாம்."

நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த காலி ஜாடியைப் பார்த்தார். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. "பூராத்தையும் தின்னுட்டானா?" என்று கேட்டார்.

"அவிய தொடல மதினி. கூட இருந்த பதினோரு பேரும் தின்னாவ. அதுக்குத்தான் உங்க தம்பிக்குன்னு சோத்தக் கொழைய வச்சுக் குடுத்தாவ." என்னால் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. "காலையில வந்துட்டாவ. வீட்டுல தூங்குதாவ. நான் கட்டிக் குடுத்ததுதான் எல்லாம் கெட்டுப் போச்சு."

அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் அடுப்படிக்குப் போய் அவர் வீட்டு ஊறுகாய்ப் பானையைத் திறந்து, ஒரு துண்டு எடுத்து அவர் தட்டில் வைத்தேன். அவர் எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டு, அதே துண்டில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். முதல் வாயிலேயே அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. இத்தனை நாள் விட்டுப்போனதில் உறைப்புத் தாங்கவில்லை என்றார். எனக்கும் அப்படித்தான் என்றேன்.