மலையடிவாரத்தில் நின்ற படை

எங்கள் அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும், அவருடைய சாப்பாட்டு மேசையைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவீர்கள். எழுதியிருக்கிறேன். அதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது.

அக்கா திண்டுக்கல்லில் பிறந்தார். அப்பா தவறியபோது அவர் கல்லூரியில் கடைசி ஆண்டு, நான் ஏழாம் வகுப்பு. மருந்து கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். பிறகு கல்யாணமாகி அத்தானோடு அமெரிக்காவுக்கு, பிஸ்கட்டவே ஊருக்கு வந்தார். நான் பின்னாலேயே வந்து, காரில் இருபது நிமிடத்தில் போய்விடக்கூடிய பிரிட்ஜ்வாட்டரில் வீடு வாங்கினேன். அத்தான் நாற்பத்தெட்டு வயதில் போய்விட்டார். குழந்தையும் இல்லை. அதற்குப் பிறகு பதினைந்து வருடம் அந்த வீட்டில் அக்கா ஒற்றை ஆளாக இருந்தார். "எங்களோட வந்துடுக்கா" என்று சொன்னேன். வாயால் சொன்னதோடு சரி. அவருடைய பெட்டியை எடுத்துக் காரில் வைத்ததில்லை.

இங்கேயும் அவருக்கு மருந்து கம்பெனி வேலைதான். ஒவ்வொரு பேட்ச் மருந்துக்கும் எத்தனை மணிக்கு யார் என்ன செய்தார் என்று எழுதி வைத்த ஏட்டைச் சரிபார்ப்பார். ஒரு கட்டம் காலியாக இருந்தால் விடமாட்டார். "வேலை செஞ்சியா, எழுது. செய்யலையா, செய்யலைன்னு எழுது. எழுதிட்டுக் கீழ கையெழுத்துப் போடு" என்பார். என் கல்யாணத்தில் சமையல்காரரிடமே இதைச் சொல்லிச் சண்டை பிடித்தவர் அவர்.

ஓய்வு பெற்ற பிறகு, ஊர் நூலகத்தார் பெரியவர்களை பஸ்ஸில் மேரிலாந்து பக்கம் ஒரு மலைக்கு அழைத்துப் போனார்கள். அந்தக் காலத்து உள்நாட்டுப் போரில் வடக்குப் படையும் தெற்குப் படையும் மோதிக்கொண்ட மலை அது. மற்றவர்கள் சாண்ட்விச் சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். அக்கா ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மறுவாரம் நான் போனபோது மேசை முழுக்க மலையின் வரைபடம், அதன் மேல் பருப்பு.

"என்னக்கா, வெயில் இல்லாத ஊர்ல வடாம் போடறியா?"

"கையை வைக்காதடா! கறுப்பு உளுந்து தெற்குப் படை. பச்சைப்பயறு வடக்கு. அவங்க சட்டை நீலம்தான். நீலப் பருப்புக்கு நான் எங்கடா போவேன்?"

காலையில் உச்சியில் தெற்குக்காரர்கள் கொஞ்சம் பேர்தான் இருந்தார்களாம். வடக்கின் முன்படை ஏறிப்போய் அவர்களை முக்கால்வாசி விரட்டிவிட்டது. பின்னாலேயே பெரும்படை போயிருந்தால் சண்டை அன்றைக்கு அப்போதே முடிந்திருக்கும். பெரும்படையோ அடிவாரத்தில் நின்றது. மதியத்துக்கு மேல்தான் ஏறியது. அதற்குள் மறுபக்கச் சரிவு வழியாகத் தெற்குக்கு ஆள் வந்து சேர்ந்துவிட்டது. பொழுது சாயும்வரை இரண்டு பக்கமும் செத்து விழுந்தார்கள்.

ஒரு பிடி பயறை அடிவாரத்தில் குவித்து வைத்துக்கொண்டு அக்கா கேட்டார்: "ஒண்ணரை மணி நேர ஏத்தம்டா. பீரங்கிச் சத்தம் காலைலயே கேட்டிருக்கு. மத்தியானம் வரைக்கும் என்னதான் பண்ணினாங்க?"

அப்புறம் ஊர்ப்பட்ட புத்தகம் படித்தார். எந்தப் படை எத்தனை மணிக்கு எங்கே நகர்ந்தது என்று நோட்டுப் போட்டு எழுதினார். 'அடிவாரம், காலை முதல் மதியம் வரை' என்ற கட்டம் மட்டும் காலியாகவே கிடந்தது. அக்கா வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். என் மகள் ஒருநாள், "அத்தை, நோபடி கேர்ஸ்" என்றாள். "நான் கேர் பண்றேன்ல, அது போதும். சாம்பார் ஊத்திக்கோ" என்றார் அக்கா.

"ஏறிப் பாத்தாத்தான்டா தெரியும். ஒரு தடவை கூட்டிட்டுப் போயேன். எனக்கு ஹைவே ஓட்ட பயம்" என்று கேட்டார். நான்கு மணி நேர டிரைவ். "இந்த ஃபால்ல, இலை உதிர்ற நேரத்துல போலாம்க்கா" என்றேன். அந்த வருடம் ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ். அடுத்த வருடம் மகளின் அரங்கேற்றம். இரண்டு ஃபால் போனது. அக்கா மூன்றாம் முறை கேட்கவில்லை.

இனி எழுதப்போவதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அக்கா திடீரென்று போய்விட்டார் என்றுதான் உங்கள் எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். அன்று காலை ஒன்பது மணிக்கு எனக்கு போன் செய்தார். "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குடா. வாயுவாத்தான் இருக்கும். அவசரமில்ல, மீட்டிங் முடிச்சிட்டு வா" என்றார். மீட்டிங் முடிந்தது. இன்னொன்று வந்தது. பிறகு சாப்பிட்டேன். ஆம், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். ரொம்ப முடியவில்லை என்றால் மறுபடி கூப்பிடுவார்தானே என்று நினைத்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. நான் வருவேன் என்று வாசல் கதவைத் தாழ் போடாமல் வைத்திருந்தார். மேசையருகே நாற்காலியில் இருந்தார். கை சில்லிட்டிருந்தது.

காரியங்களை நடத்திக்கொடுத்த கோயில் அர்ச்சகருக்கும், பதினாறு நாளும் சமைத்துக் கொண்டுவந்த பிஸ்கட்டவே தோழிகளுக்கும், டெக்சாசிலிருந்து ஓடிவந்த சித்தி குடும்பத்தாருக்கும் நன்றி. அத்தனை கூட்டத்திலும் ஒரு பயறுகூட நகராமல், தட்டைக் கையில் ஏந்தி நின்றே சாப்பிட்ட உங்கள் எல்லாருக்கும் பெரிய கும்பிடு.

போன அக்டோபரில் தனியாக அந்த மலைக்குப் போனேன். அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு ஏறினேன். என் முழங்காலோடு, இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தும், ஒரு மணி நாற்பது நிமிடம்தான் ஆனது. உச்சியில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நேராக அக்கா வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தில் எழுதினேன்: 'சத்தம் கேட்டது. அவசரமில்லை என்று நினைத்தோம். வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தோம்.'

கீழே கையெழுத்துப் போட்டேன்.