என்னை இரண்டாம் முறையும் மீட்டார்கள்

இந்த நாட்டில் குப்பைக்கு வாரத்துக்கு ஒரு நிறம். ஒரு செவ்வாய் பச்சை வாளி, அடுத்த செவ்வாய் கறுப்பு, அதற்கடுத்தது நீலம். நிறத்தை மாற்றி வைத்தால் வண்டிக்காரர் தொடாமல் போய்விடுவார். வந்த புதிதில் இதைப் பழகத்தான் அதிகம் சிரமப்பட்டேன். இப்போது நாடு ஒரு யுத்தத்துக்குப் போகிறது. அதற்கும் அப்படித்தான், வாரத்துக்கு ஒரு காரணம். முதல் வாரம், அந்தத் தூரதேசத்து ஆயுதங்கள் நாங்கள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் எங்கள் கூரையில் வந்து விழக்கூடியவை என்றார்கள். அடுத்த வாரம், அவர்களிடம் உருப்படியாக ஒன்றுமில்லை, சண்டை கெதியாக முடிந்துவிடும், பயப்படாதீர்கள் என்றார்கள். மூன்றாம் வாரம், ஆயுதக் கதையை விடுங்கள், அங்கேயுள்ள பெண்களையும் பிள்ளைகளையும் மீட்கத்தான் போகிறோம் என்றார்கள். எந்த நாடு, எந்த யுத்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். பிரஜாவுரிமை எடுத்து அதிக காலமாகவில்லை. நான் பயந்தவன்.

எவ்வளவு பயந்தவன் என்றால், முதல் வாரச் செய்தி முடிந்த கையோடு கடைக்கு ஓடி அரிசி, உப்பு, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி எல்லாம் வாங்கிவந்து கட்டிலுக்குக் கீழே அடுக்கினேன். வீட்டில் இருப்பது கறண்ட் அடுப்பு என்பது மனைவி சிரித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். முழங்கால் ஆழம் வெட்டியிருப்பேன், வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு வோல்ட்டரின் தலை தெரிந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர், மிகவும் நல்ல மனிதர். மீன்குளம் வெட்டுகிறாயா என்று கேட்டார். இந்த வயதில் குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஓம் என்றேன். பின்னேரம் ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு தங்கமீன்களோடு வந்து நின்றார். மன்னார்க் கரையோரம் விடத்தல்தீவில், வலையும் தோணியுமாக இருந்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு இரண்டு விரல் நீளத்தில் மீன் பரிசு. குழம்பு வைத்தால் ஒரு ஆளுக்கும் காணாது.

மீனை ஒரு பேசினில் விட்டுவிட்டு இருவரும் குழியின் ஓரத்தில் நின்றோம். நீ யுத்தத்தைக் கண்டவன், எப்படி இருந்தது என்று வோல்ட்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஆமி எங்களைச் சேவ் பண்ணினது, வெரி வெல் சேவ்ட், என்றேன்.

இந்தச் சொல்லுக்கு எங்களிடம் ஒரு கதை உண்டு. மீட்பு என்பது ஊரில் கோயிலுக்குள் மட்டும் கேட்கிற சொல்லாக இருந்தது. மீட்பர் என்றால் சிலுவையில் இருக்கிற ஒருவர்தான். பிறகு யுத்தத்தில் அதை அரசாங்க வானொலி எடுத்துக்கொண்டது. பகல் செய்தியில், அந்தப் பகுதியில் பொதுமக்கள் எவரும் இல்லை என்றார்கள். பின்னேரச் செய்தியில், அங்கே சிக்கியிருக்கும் பொதுமக்களை மீட்கவே நடவடிக்கை என்றார்கள். இல்லாத சனத்தில் ஒருவனாகப் பங்கருக்குள் குந்தியிருந்து இரண்டு செய்தியையும் கேட்டேன். ஆமியோடு சண்டைபிடித்த இயக்கமோ, எங்களைக் காப்பாற்றுவதற்காகத்தான் எங்களை வெளியே போகவிடவில்லை என்றது. பிறகு ஒருநாள், விடத்தல்தீவு மீட்கப்பட்டுவிட்டது என்று செய்தி. அப்போது நாங்கள் ஊரைவிட்டு வெகுதூரம் ஓடி ஏதோ ஒரு மரத்தின் கீழே தறப்பாள் கூடாரம் கட்டி இருந்தோம். "ஊரை மீட்டுப்போட்டாங்களாம். ஆக்களைத்தான் மறந்துபோனாங்கள்" என்றார் என் அண்ணன். மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். அன்றிலிருந்து அந்தச் சொல் எங்களுடையதாயிற்று. கோழியை நாய் தூக்கினால், நாய் மீட்டுப்போட்டுது. சைக்கிள் களவுபோனால், அதையும் ஆரோ மீட்டுவிட்டார்கள். பூசையில் சுவாமியார் ‘மீட்பர்’ என்று வாசிக்கும்போது தலையைக் குனிந்துகொள்வோம், சிரிப்பு வெளியே தெரியாமலிருக்க.

கடைசியில் ஆக்களையும் மீட்டார்கள். முட்கம்பி அடித்த இடத்துக்கு நலன்புரி நிலையம் என்று பெயர். அங்கே அண்ணனை, சின்ன விசாரணைதான், நாளைக்கு விட்டுவிடுவோம் என்று பஸ்ஸில் ஏற்றினார்கள். அண்ணனின் மனைவி, எனக்கு மச்சாள், அவசரமாகச் சோறு கட்டிக்கொண்டு ஓடினார். தேவையில்லை, அங்கே சாப்பாடு இருக்கிறது என்றான் ஒரு ஆமிக்காரன், மரியாதையாகத்தான். பஸ் போயிற்று. அடுத்த ஞாயிறு பூசையில் சுவாமியார் ‘மீட்பர்’ என்று வாசித்தபோது ஒருவரும் தலை குனியவில்லை. அண்ணன் இன்றுவரை வரவில்லை.

இத்தனையும் என் ஆங்கிலத்துக்குள் அடங்குமா? வோல்ட்டர் நான் சொன்னதை உண்மையென்றே எடுத்து, கண் கலங்கி என் கையைப் பிடித்தார். உடனே திருத்தியிருக்கலாம். மீன் கொண்டுவந்து தந்த மனிதரின் கண்ணீரை எப்படித் திருத்துவது என்று விட்டுவிட்டேன். அவர் அதை நகர மண்டபக் கூட்டத்தில் சொன்னார். எங்கள் தொகுதி உறுப்பினர் அதைத் தொலைக்காட்சியில் சொன்னார். என் தொகுதியில் மன்னாரைச் சேர்ந்த ஒரு தமிழர் இருக்கிறார், ஓர் இராணுவம் தன்னை மீட்டதை இன்றும் நன்றியோடு நினைக்கிறார், அந்த அப்பாவி மக்களுக்கு மட்டும் அதை மறுக்கலாமா என்று கேட்டார். நன்றி என்பது அவர் தன் பங்குக்குச் சேர்த்தது. ஆக, நாலாம் வாரத்துக் காரணம் நான்.

அந்தக் காணொளித் துண்டு கைபேசிகளில் ஏறி மன்னார் வரைக்கும் போனது. மச்சாள் மன்னார் பஸ் நிலையத்தடியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களோடு சேர்ந்து, மாதந்தோறும் அண்ணனின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். அங்கே நின்ற ஒருவர் அதை அவருக்குக் காட்டியிருக்கிறார்.

"தம்பி, அது நீரோ?" என்று மச்சாள் போன் எடுத்துக் கேட்டார்.

ஓம் மச்சாள், ஆனால் நக்கலாகத்தான் சொன்னேன் என்றேன்.

"நக்கல் எனக்கு விளங்குது. அந்த நக்கலைத் துவக்கின மனுசனோட குடும்பம் நடத்தினனான். நாளைக்கு அரசாங்கக் கந்தோரில கேப்பாங்கள், உங்கட ஆளே ஆமி தன்னை மீட்டதெண்டு சொல்லுறார், பிறகென்னத்தைத் தேடுறியளெண்டு. அவங்களுக்கு நக்கல் விளங்குமோ, சொல்லும் பாப்பம்."

நாளைக்கே போய்த் திரும்பப் பெறச்சொல்லுகிறேன் மச்சாள் என்றேன்.

மறுநாள் கோட்டுப் போட்டுக்கொண்டு தொகுதி உறுப்பினரின் கந்தோருக்குப் போனேன். அவர் இல்லை. செயலாளராக இருந்த பெண் உட்காரக் கதிரை தந்து பொறுமையாகக் கேட்டாள். நான் சொன்னது பகிடி, அதைத் திரும்பப் பெறவேண்டும் என்றேன். அப்படியென்றால் அந்த இராணுவம் உங்களை மீட்கவில்லையா என்றாள். இல்லை என்றேன். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "பட் யூ ஆர் ஹியர்" என்றாள். குத்தலாக அல்ல, உண்மையாகவே விளங்காமல்தான். அந்த நாலு சொல்லுக்குப் பதில் சொல்ல எனக்கு அண்ணன் தேவைப்பட்டார். உறுப்பினரிடம் தெரிவிப்பதாகச் சொல்லி அனுப்பினாள். அவர் எதையும் திரும்பப் பெறவில்லை. ஐந்தாம் வாரம், யுத்தத்தை நிறுத்துவதற்காகத்தான் யுத்தம் என்று காரணம் மாறிவிட்டது. இனி நான் அவர்களுக்குத் தேவையில்லை.

ஆனால் மச்சாளுக்கு ஒரு பதில் தேவை. போன சனிக்கிழமை அவர்கள் பஸ் நிலையத்தடியில் கூடும் நாள். இங்கே அன்று நகரச் சதுக்கத்தில் யுத்தத்துக்கு எதிரான ஊர்வலம். அண்ணனின் படத்தைப் பெரிதாக அச்சடித்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நானும் போய் நின்றேன். பொலிஸ்காரர் ஒருவர் தொப்பியைச் சரிசெய்தபோதே பாதி ஓட்டம் ஓடி முடித்திருந்தேன், மனதுக்குள். ஓர் இளம்பெண் வந்து கட்டிப்பிடித்து, உங்கள் நாட்டுக்கு நாங்கள் செய்வதற்கு மன்னியுங்கள் என்றாள். காரில் போன ஒருவன், உன் நாட்டுக்கே திரும்பிப் போ என்று கத்தினான். இருவரும் சொன்னது யுத்தம் போகிற அந்த நாட்டை, நான் கண்டிராத நாட்டை.

பிறகு வயதான ஒரு பெண்மணி படத்தின் முன்னால் நின்று, யார் இது என்று கேட்டார். எல்டர் பிரதர் என்றேன். அவர் படத்தில் இருந்த கறுத்த தலைமுடியைப் பார்த்தார், என் நரையைப் பார்த்தார். யங்கர் என்று சொல்லவேண்டும் என்று பரிவோடு என் ஆங்கிலத்தைத் திருத்தினார். நான் மறுக்கவில்லை. மன்னாரில் அப்போது பின்னேரம். பஸ் நிலையத்தடியில் மச்சாள் அதே படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். அங்கே அண்ணன் இன்னும் எனக்கு மூத்தவர்.